பம்பு மாட்டியது யார்?

“இந்தப் பம்ப மாட்டுனது யாரும்மா?”

யோகேஷ் கேட்ட கேள்விக்குச் சந்தியா பதில் சொல்லவில்லை. ஊன்றுகோலை மடியில் சாய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடையது பழைய பைக். காலைத் தூக்கிப் போட முடியாதவள் என்பதால் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து, குறுக்கே இருந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் தாழ்வாக இறக்கியிருந்தார்கள். டேங்க் கீழே போனால் பெட்ரோல் தானாகக் கார்பரேட்டருக்கு ஏறாது. அதைத் தள்ளிவிடத்தான் அந்தப் பம்பு.

“சிக்னல்ல நின்னா இஞ்சின் மேல பெட்ரோல் சொட்டுதுண்ணா. நேத்து பொண்ண ஸ்கூல்ல உடப் போறப்போ நாத்தம் தாங்கல” என்று மட்டும் வந்ததும் சொல்லியிருந்தாள்.

திருப்பதி பைபாஸில் யோகேஷின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களைவிட அவனுடைய வீடியோ பார்க்கிறவர்கள் அதிகம். பம்பைப் பார்த்ததுமே செல்போனை ஸ்டாண்டில் மாட்டி ஆன் செய்தான்.

“சூடண்டி ஃப்ரெண்ட்ஸ், நல்லா பாருங்க. இந்தப் பம்பு ஏழு பவுண்டு பிரஷர்ல தள்ளுது. இந்தக் கார்பரேட்டர் தாங்கறது மூணுதான். நடுவுல ஒரு ரெகுலேட்டர் வெச்சுக் கொறச்சிருக்கணும். வெக்கல. அதான் உள்ள இருக்கற ஊசிய தள்ளிக்கினு பெட்ரோல் வழியுது. ஒரு பொறி பட்டிருந்தா இந்தம்மாவும் இல்ல, பின்னால குந்திக்கினு வந்த கொழந்தையும் இல்ல. இவனெல்லாம் மெக்கானிக்கா? கொலகாரன்!”

கேமராவை அவள் பக்கம் திருப்பினான்.

“பேர சொல்லும்மா. ஊரே தெரிஞ்சிக்கட்டும்.”

“வேணாம்ணா. அவருக்கும் பொழப்பு இருக்குது.”

ஆயில் மாற்றக் காத்திருந்த ரமணாவுக்குப் பொறுக்கவில்லை. “இவங்கள மாதிரி ஆளுங்களாலதான் சார் அவனுங்க தப்பிச்சிக்கினு சுத்தறானுங்க. பெத்த பொண்ணவிட அவன் பொழப்பு பெருசா பூட்ச்சா?”

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

யோகேஷுக்கும் அவள்மேல் எரிச்சல்தான். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. தேய்ந்துபோன ஊசியை மாற்றினான். ரெகுலேட்டர் வைத்தான். மீட்டரை மாட்டி, முள் மூன்றுக்குக் கீழே வந்து நிற்கும்வரை திருகினான். இஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டான். ஒரு சொட்டு வழியவில்லை.

“பாத்தீங்களா ஃப்ரெண்ட்ஸ், இதுக்குப் பேருதான் வேலை” என்று வீடியோவை முடித்தான்.

ஆயில் மாற்றியதும் ரமணா தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் போனதும் யோகேஷ் குரலைத் தணித்தான்.

“இப்போ கேமரா இல்ல, ஆளும் இல்ல. இப்பவாச்சும் சொல்லும்மா. திட்டமாட்டேன். போன் போட்டு புத்தி சொல்றேன், அவ்ளோதான்.”

சந்தியா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். மெதுவாக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“போன ஆடியில நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, எங்க ஊட்டுக்காரருதான் வண்டிய எட்துக்கினு போயி மாட்டிக்கினு வந்தாரு. நீங்க பாகாலாவுல ஷெட் வெச்சிருந்தீங்க இல்ல, அங்கதான். நீங்களே உங்க கையால மாட்டுனீங்களாம்.”

யோகேஷ் குனிந்து பம்பை மறுபடி பார்த்தான். வயரை மூன்று சுற்று முறுக்கி உள்பக்கம் மடித்திருந்தது. அவன்தான் அப்படி மடிப்பான்.

நிமிர்ந்தான்.

சந்தியா வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

“இதே பம்பு இன்னும் நாலு பேருக்கு மாட்டியிருக்கேன்னு அவராண்ட சொன்னீங்களாம். அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்களே போன் போட்டு சொல்லிடுங்கண்ணா. வீடியோவுல வேணாம்.”