ஒரு முடி வித்தியாசம்

கிட்ட வந்து உட்காருங்க, இது மெல்லச் சொல்ல வேண்டிய கதை. வண்டு ஆராய்கிற ஒருத்தர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, ஊசியில் குத்தி வைத்த ரெண்டு தரைவண்டுகள் வருஷக்கணக்காய் அக்கா தங்கச்சியாக இருந்தன. ஒருநாள் அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "அட, சின்னதுக்குக் காலில் ஒரு முடி அதிகமா இருக்கே! இது வேற இனம். நாளைக்கே வேற பெட்டிக்கு மாத்திடணும்" என்றார்.

"அக்கா, நான் உனக்கு யாருமே இல்லையாமே" என்று விசும்பியது தங்கச்சி.

"போடி பைத்தியம், லென்ஸுக்கு என்ன தெரியும்? ஒரு வண்டுக் கால் ஒடிஞ்சாலே அந்த மனுசன் அன்னைக்குச் சோறு திங்க மாட்டார். அது போதும் நமக்கு" என்றது அக்கா.

மறுநாள் அவருடைய இடுக்கி பெட்டிக்குள்ளே வந்தபோது, அக்கா தன் காய்ந்த காலை மெல்ல நீட்டி, தங்கச்சியின் காலோடு கோத்துக்கொண்டது; இனி ஒன்றைத் தனியாக எடுத்தால் கால் ஒடிந்துவிடும்.