ஒன்றரை அங்குலம் கீழே

அத்தானின் வலது முழங்காலை இன்ச் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

புது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. முன்னால் ஏறி உட்காருங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். இடது கால் ஒழுங்காக ஃபுட்ரெஸ்டில் இருந்தது. வலது கால் பாதி மடங்கி, அதற்கு மேல் முடியாது என்று அந்தரத்தில் நின்றது.

கொஞ்ச நேரம் முன்பு உதிரிபாகக் கடைக்குப் போய்விட்டு நான் திரும்பியபோது, வண்டியும் அவருமாக ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்கள். அக்காவின் கணவர் அவர்; இந்தப் பக்கம் வந்தே இரண்டு வருடமாகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கால் மடங்க மாட்டேங்குது மாப்ளே. ஃபுட்ரெஸ்ட்ட கொஞ்சம் இறக்கித் தர முடியுமா?"

முடியுமாவா? வண்டி மொத்தத்தையும் கழற்றி மாட்டச் சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பேன்.

அந்த முழங்காலை உடைத்தவன் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், என் வண்டியை நான் ஓட்டினேன், அவர் பின்னால் இருந்தார். டயர் தேஞ்சுபோச்சு, உடனே மாத்துங்க என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்பவன் நான். என் வண்டியின் பின் டயரோ மொட்டை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் தள்ளியிருந்தேன். வளைவில் ஒரு லாரி வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. எனக்கு வெறும் சிராய்ப்பு.

ரோட்டில் கிடந்த அவர் கண்ணெதிரே அந்த மொட்டை டயர் இருந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம், ரோட்டில் ஆயில் கொட்டியிருந்தது என்று சொன்னேன். கட்டிலில் இருந்த அத்தான், "ஆமா, ஆயில்" என்றார்.

அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஒர்க்‌ஷாப்பில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று போனிலேயே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலது பக்க ஃபுட்ரெஸ்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன்.

"இல்ல மாப்ளே, அது வந்து..."

"நீங்க பேசாம உக்காருங்க அத்தான். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் பேசாமல் உட்கார்ந்தார். பேசியதெல்லாம் நான்தான். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்றரை அங்குலம் இறக்கினால் கால் வலிக்காது என்றேன். ஃபுட்ரெஸ்ட் இறங்கினால் பிரேக் பெடலையும் இறக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுவார்கள் என்றேன். இது ஏபிஎஸ் வண்டி, பின் சக்கரத்திலிருந்து சென்சார் வயர் வருகிறது, அது எங்கேயும் நசுங்கக் கூடாது என்று சொல்லி, நன்றாக இருந்த வயரை இரண்டு இடத்தில் கட்டினேன்.

"ஏபிஎஸ் இருந்தா எவ்வளவு ஓங்கி மிதிச்சாலும் சக்கரம் பூட்டிக்காது அத்தான். வழுக்கவே வழுக்காது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. சென்சார் வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான் இத வாங்கினோம்" என்றார் அத்தான், சாதாரணமாக.

இடது பக்கமும் முடிந்தது. வெளியே தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ஏபிஎஸ் விளக்கு ஒழுங்காக அணைந்தது. பிரேக்கும் சரியாகப் பிடித்தது. இவ்வளவு பதமாக நான் வேறு யார் வண்டியையும் பார்த்ததில்லை. இரண்டு வருட பாரத்தில் ஒரு பங்காவது இறங்கியது போலத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது மருந்துக் கடைக்குப் போயிருந்த அக்கா வந்துவிட்டாள். ஒரு கையில் மாத்திரைப் பை, இன்னொரு கையில் ஹெல்மெட். நான் இறங்கியதும் விறுவிறுவென்று ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து கால்களைத் தூக்கினாள். அக்கா குள்ளம். நான் இறக்கிய ஃபுட்ரெஸ்டை அவள் கால் தேடியது, எட்டவில்லை.

"என்னடா பண்ணி வச்சிருக்க? ஓட்டறது நான்டா. அவருக்குப் பின் சீட்லதானே இறக்கணும்?"

நான் அத்தானைப் பார்த்தேன்.

"அந்தக் கால வச்சுக்கிட்டு பெடல மிதிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷமாச்சு. நான்தான் ஓட்டக் கத்துக்கிட்டு இவரக் கொண்டுபோய் விடறேன். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மூன்று தெரு தள்ளி இருக்கிற எனக்குத் தெரியாது. நிமிர்ந்து நிற்கவே அவமானமாக இருந்தது.

அத்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"அவனத் திட்டாத. நான்தான் முன்னாடி இறக்கச் சொன்னேன்."

முன்னாடி என்று அவர் சொல்லவே இல்லை.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். ஓட்ட முடியாது என்று தெரிந்தும் இந்த வயதில் இதென்ன வீம்பு என்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அத்தான் சிரித்துக்கொண்டே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாயைத் திறக்கவில்லை.