பின்கழுத்து

"வாயை நல்லாத் திறங்க" என்றார் பல் டாக்டர்.

சலூன்காரருக்கு அதைத் திறக்கத்தான் வெட்கமாக இருந்தது.

இத்தனை வருஷமும் அடுத்தவர்களைச் சாய்த்து உட்காரவைத்து, அவர்கள் முகத்தின் மேல் குனிந்தே பிழைத்த மனுஷர். இன்று அவரைச் சாய்த்துவிட்டார்கள். மார்பில் துண்டு, கண்ணில் லேசருக்காக ஒரு பச்சைக் கண்ணாடி.

டாக்டர் முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். எல்லோருக்கும் அப்படித்தானா, தனக்கு மட்டுமா என்று சலூன்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த டாக்டர் அவர் கடைக்கு ஒரே ஒரு தடவை வந்தவர். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் தானாக வந்து உட்கார்ந்து, ஷேவிங் மட்டும் போதும் என்றார். முகம் சுளிக்காமல் முடித்துக்கொண்டு, ஈறு சரியில்லை, ஒருநாள் கிளினிக் பக்கம் வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள் என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பள்ளம் விழுந்து சீழ் பிடித்திருந்தது. ஆழமாகச் சுத்தம் செய்வது போன தடவையே முடிந்தது. அதுதான் முக்கிய வைத்தியம், லேசர் அதற்கு மேல் ஒரு துணைதான், மிச்சம் உங்கள் பிரஷ்ஷில் இருக்கிறது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த வாய் நாற்றம் வருஷக்கணக்காக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து சலூன்காரருக்குத் தூக்கம் இல்லை.

லேசரின் நூல் போன்ற முனை ஈறுக்குள் இறங்கியது. இயந்திரம் விட்டு விட்டுக் கூவியது. மரத்துப்போன வாயில் வலி தெரியவில்லை. வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, இன்னொன்று தம்பியுடையது. தம்பிக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் வருகிற ஆட்கள், அவர் நாற்காலி காலியாக இருந்தாலும், பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டியபடி தம்பிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் தம்பி ஒரு பெட்டி மாஸ்க் வாங்கி வந்தான். "இனிமே ரெண்டு பேரும் போட்டுக்கலாம்ணே, பாக்க டீசன்டா இருக்கும்" என்றான். நான் என்ன திருடனா முகத்தை மூட என்று கேட்டு, அவர் ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சு நிறைய ஆட்கள். கூடப்பிறந்தவனே குழி பறிக்கிறான், என் ஆட்களைக் காதைக் கடித்து இழுக்கிறான், துரோகி என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் தலைகுனிந்துகொண்டார்கள். தன் பக்கம் நியாயம் இருப்பதால்தான் யாரும் பேசவில்லை என்று நம்பினார்.

அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் மேல் விழுந்த பழி போயிருக்கும். அவன் சொல்லவில்லை. கத்தரியையும் சீப்பையும் துண்டில் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். பக்கத்துத் தெருவில் தனியாகக் கடை போட்டான். அண்ணன் அதற்கப்புறம் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

வாய் நாறியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த வாயால் பேசியதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. பச்சைக் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிய இடமில்லாமல் தேங்கியது.

இயந்திரம் நின்றது. டாக்டர் சலூன்காரரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தினார். தன் தலையில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவத் திரும்பினார்.

சலூன்காரர் அப்போதுதான் அந்தப் பின்கழுத்தைப் பார்த்தார். அன்று கடையில் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

புதிதாக வெட்டிய முடி. கழுத்தில் நேர்கோடாக முடியாமல், இரண்டு ஓரமும் உள்ளே வளைந்து இறங்கியிருந்தது. நேரா வெட்டுடா, நேரா வெட்டுடா என்று அவர் எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பார். திருந்தாத கை. எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரியும்.

உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. உதட்டோரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மேஜை மேலிருந்த பெட்டியைக் காட்டினார். மரத்த வாயில் வார்த்தை குழறியது.

"மாஸ்க் ஒண்ணு குடுங்க டாக்டர். தம்பி கடை வரைக்கும் போகணும்."