சரிபார்ப்பு கவுன்ட்டர்

வரி அலுவலகத்தின் சரிபார்ப்பு கவுன்ட்டரில் கடிதத்தை விட்டெறிந்தார் கட்டம்போட்ட சட்டைக்காரர்.

“கூடுதலா கட்டின வரியைத் திருப்பிக் கேட்டா, நேர்ல வந்து நான் நான்தான்னு நிரூபிக்கச் சொல்றீங்க. நான் என்ன திருடனா?”

“கோவிச்சுக்காதீங்க சார். ஒரே ஆள் பேர்ல ரெண்டு படிவம் வந்திருக்கு. அதுல ஒண்ணு ஃபிராடு” என்றார் கிளார்க். மேஜையில் அவருடைய பெயர்ப் பலகை குப்புறக் கிடந்தது.

“அந்த ஃபிராடைப் பிடிச்சு உள்ள தள்ளுங்க! என் உயிரை ஏன் வாங்கறீங்க?”

“சின்னச் சின்னக் கேள்விதான். வரி எண்?”

சட்டைக்காரர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிறந்த தேதி, போன வருட வருமானம், கல்யாண நாள் எல்லாமே பட்பட்டென்று வந்தன.

“மனைவியோட பிறந்தநாள்?”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

கிளார்க் அதை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். வருஷா வருஷம் இதை மறந்துட்டு வீட்ல வாங்கிக் கட்டிக்கிறேன்.”

“எதை?”

கிளார்க் பெயர்ப் பலகையை நிமிர்த்தி வைத்தார். கடிதத்தில் இருந்த அதே பெயர், அதே இனிஷியல்.

“என் பொண்டாட்டி பிறந்தநாளைத்தான். உங்களைப் பார்க்கணும்னே இன்னைக்கு இந்த கவுன்ட்டர் டியூட்டியைக் கேட்டு வாங்கினேன்.”

சட்டைக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

“போறதுக்கு முன்னாடி ஒரு உதவி சார்” என்றார் கிளார்க், பேனா மூடியைத் திறந்தபடி. “என் மாமியார் பிறந்தநாளும் தெரியுமா?”