ஓரம் வெட்டிய பைபிள்

நியூபோர்ட் நீதிமன்றத்தில் நீதிபதி அந்தப் பைபிளை மூன்றாம் முறையாகப் புரட்டினார். “ஓரத்துல ஒரு எழுத்தும் இல்லையேம்மா.”

“இருந்துச்சுங்க ஐயா,” என்றாள் அடிமைப்பெண் வயலட். “‘நான் செத்தா வயலட்டுக்கு விடுதலை’ன்னு பெரிய எஜமான் எழுதி, எனக்குப் படிச்சுக் காட்டினாருங்க.”

பெரியவரின் மகன் ரூஃபஸ் சிரித்தான். “பைண்டரையே கேளுங்க. ஓரத்த வெட்டி, போன குளிர்காலம் புது அட்டை போட்டவரு இவர்தான்.”

சாட்சிக் கூண்டில் நின்ற பைண்டர் பர்னபாஸ் ரூஃபஸைப் பார்த்தார். அவர் பட்டறையில் பாதி வேலை ரூஃபஸ் கொடுப்பது.

“வெட்டின துண்டெல்லாம் எங்கே?” என்றார் நீதிபதி.

“அடுப்புல போட்டாச்சு. நானே நின்னு பார்த்தேன்,” என்று முந்திக்கொண்டான் ரூஃபஸ்.

“குப்பை எரியுறத நீ ஏன்யா நின்னு பார்த்தே?” என்றார் நீதிபதி.

பர்னபாஸ் மெல்ல வாயைத் திறந்தார்.

“அவரு பார்த்தது பாதிதாங்க. காகிதம் லேசுல கிடைக்காது. நல்ல துண்டா இருந்தா புத்தகத்தோட முதுகுல, தோலுக்கு அடியில ஒட்டிடுவோம்.”

கத்தி ஒன்றை வாங்கினார். முதுகில் மேடான பட்டைகள் பிரித்திருந்த ஐந்து கட்டங்களில் மூன்றாவதை மட்டும் கீறி, தோலை உரித்தார். பசையேறிய துண்டில் பெரியவரின் கையெழுத்து அப்படியே இருந்தது. நீதிபதி அதை உரக்கப் படித்தார். கூட்டம் பர்னபாஸுக்குக் கைதட்டியது.

வயலட் தட்டவில்லை. கிழிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு கட்டம் இருக்கே. மூணாவதுலதான் இருக்குன்னு உங்களுக்கு எப்படி ஐயா தெரிஞ்சுது?”