நாலாவது வரி

"கையெழுத்துப் போட மாட்டேன்."

ப்ரூஃப் பார்ப்பவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

டைப்செட்டிங் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. போஸ்டரில் இருந்ததே ஏழு வரிதான். எய்ட்ஸ் விழிப்புணர்வு நாளுக்காக உலகம் முழுக்க முப்பது மொழிகளில் ஒட்டப்போகிறார்கள். நம் மொழியில் ஐயாயிரம் பிரதி இந்த அச்சகத்துக்கு வந்திருந்தது. நாலு மணிக்கு எடுத்துப்போக வண்டி வந்துவிடும். இப்போதே மணி இரண்டரை.

"எங்க சார் தப்பு?"

"நாலாவது வரி."

படித்தாள். 'ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது.'

"ஒற்றெல்லாம்கூடச் சரியா இருக்கே சார்."

"எழுத்து சரிதாம்மா. விஷயம் சரியா? மொழிபெயர்த்த ஆள் தூக்கக் கலக்கத்துல 'பரவும்'கிறதை 'பரவாது'ன்னு போட்டிருந்தா? ஊர் பூரா நம்பிச் சாப்பிடுமே!"

மனுஷர் எப்போதும் இப்படித்தான். ஒரு கால்புள்ளிக்காக ஓடுகிற மெஷினை நிறுத்தியவர். ஆனால் இன்று பிடித்தது எழுத்துப்பிழையை அல்ல, விஷயத்தை. அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது.

முதலாளி வந்து அவர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"என்னய்யா, இத்தனை படிச்ச மனுஷன், இன்னும் தொட்டா ஒட்டிக்கும்னு பயந்துக்கிட்டு இருக்கீங்க? எந்தக் காலத்துல இருக்கீங்க?"

"கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் போடறேன்."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பிற்போக்கான ஆளா இவர்? ஆர்டர் தாளில் இருந்த டாக்டரின் எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரியாத்தாம்மா இருக்கு. பரவாது," என்றார் டாக்டரம்மா.

ப்ரூஃப் பார்ப்பவர் போனருகே குனிந்தார்.

"டம்ளர்?"

"பரவாது."

"எச்சில் டம்ளர்? கழுவாதது?"

"பரவாது சார்."

"ஒரே சோப்பு? பாத்ரூம்?"

"பரவாது."

"குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தா?"

"தாராளமா கொடுக்கலாம். ரத்தம், ஊசி, பாதுகாப்பில்லாத உடலுறவு, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு. இப்படித்தான் பரவும். அதையும் மருந்தால தடுக்க முடியும். பக்கத்துல உட்கார்ந்தா, சேர்ந்து சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

அவர் ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி நெற்றியைத் தேய்த்தார்.

"டாக்டர்... இது இப்பப் புதுசா கண்டுபிடிச்சதா? ஒரு ஆறு வருஷத்துக்கு முன்னாடி பரவிக்கிட்டு இருந்துச்சா?"

"எப்பவுமே பரவினதில்லை சார். ரொம்ப வருஷமாத் தெரிஞ்ச விஷயம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கு சார்? உங்களுக்கா?"

"ரொம்ப நன்றிம்மா," என்று அவரே போனை அணைத்தார்.

தோள்மேல் கிடந்த முதலாளியின் கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அவர் இப்போது கதவருகில் நின்றார். தாளுக்காகக் காத்து நின்ற மெஷின்காரர் ப்ரூஃப் பார்ப்பவரின் டம்ளரை ஒட்டி இருந்த தன் டீ டம்ளரை, யாரும் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடறேன், கொடுங்க." ப்ரூஃப் பார்ப்பவர் தன் பேனாவை உதறிப் பார்த்தார். மை வரவில்லை. "உங்க பேனா?"

முதலாளி பேனாவை மேஜை ஓரத்தில் வைத்து உருட்டிவிட்டார். "திருப்பித் தர வேணாம். நீங்களே வச்சுக்குங்க. உடம்பு முடியலைன்னா... ஒரு வாரம் வீட்டுல இருங்களேன். நாங்க பார்த்துக்கறோம்."

அவர் நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

டைப்செட்டிங் பெண்ணின் கை பாதியில் நின்றது. ஒரு நொடிதான். அந்த ஏழு வரியையும் காலையிலிருந்து நாற்பது தடவை படித்தவள் அவள். வெட்கம் பிடுங்க, சட்டென்று தாளை வாங்கிக்கொண்டாள்.

என்ன கேட்பது? பாவம் என்பதா? பயப்படாதீங்க என்பதா? சற்று முன்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆளிடம் எந்த முகத்தோடு பேசுவது?

"சார், மாத்திரை ஏதாவது... ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று உளறினாள்.

"அதெல்லாம் ஒழுங்காத்தாம்மா சாப்பிடறாங்க," என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

சாப்பிடறாங்களா? யார்?

அவள் கேட்பதற்குள் அவர் தன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்திருந்தார்.

"அக்கா... சாப்பிட்டியா?... இல்லையா? ஆமா, எல்லாரும் முடிச்ச பிறகுதானே உனக்கு... இல்லக்கா, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. வந்துக்கிட்டே இருக்கேன். நீ இன்னைக்கு வெளியில உட்காராதே, உள்ளே வந்து மேஜையில உட்காரு. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்... என் பொண்டாட்டி திட்டுவாளா? அவ ஏன்க்கா திட்டப்போறா? ஆறு வருஷமா உன் தட்டைத் தூக்கி வெளியில வச்சது அவளா? நான்தானே!"