கடிகாரத்துக்குள் இருந்த தண்ணீர்

பாபா லென்ஸில் கண்ணை வைத்து வெகுநேரமாகிவிட்டது.

ஜினுக் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். அவளுடைய மைக்ராஸ்கோப்பை அப்பா குனிந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“தெரியுதா பாபா? பச்சையா, பிறை மாதிரி. ரெண்டு முனையிலயும் குட்டித் துகள் துள்ளிக்கிட்டே இருக்கும். நல்லா பாருங்க.”

“ம்.”

“பேரு நானே வச்சேன். நிலாக்குட்டி.”

பாபா நிமிரவில்லை.

ஜினுக்குக்குப் பத்து வயது. பாப்லு மாமா கல்கத்தாவிலிருந்து அந்த மைக்ராஸ்கோப்பை வாங்கிவந்து கொடுத்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்துப் படியில்தான் கிடப்பாள். ஒரு சொட்டு மொண்டு வந்து, கண்ணாடித் துண்டில் வைத்து, பார்த்ததையெல்லாம் கோடு போடாத நோட்டில் வரைவாள். வாலை அடித்துக்கொண்டு ஓடுவது, உருள்வது, வாயைச் சுற்றி மயிர் சுழல்வது.

நிலாக்குட்டி எங்கும் ஓடாது. சும்மா கிடக்கும். முனைகளில் மட்டும் ஓயாத நடுக்கம்.

ஆற்றுத் தண்ணீரையும் ஒன்பது பாட்டில் பார்த்துவிட்டாள். இச்சாமதியில் கடல் ஏறி வரும், தண்ணீர் கரிக்கும். அதில் பழுப்புக் குச்சிகளும் சேறும்தான். ஒரு நிலாக்குட்டிகூட இல்லை.

மாமா செத்துப்போனது அந்த ஆற்றில்.

சகோதரர்களுக்குப் பொட்டு வைக்கும் பாய் ஃபோட்டா பண்டிகை அன்று, மா தன் தம்பி பாப்லுவின் நெற்றியில் சந்தனம் வைத்து, வாய் நிறைய சந்தேஷ் இனிப்பு ஊட்டினாள். சாயங்காலம் மாமாவும் பாபாவும் குளக்கரையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சத்தமாகத்தான் இருந்தது. மாவும் ஜினுக்கும் பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கரையில் யாரும் இல்லை. பாபாவின் மீன் வண்டியையும் காணவில்லை.

பாபா மட்டும் திரும்பி வந்தார். மாமாவைப் படகுத்துறையில் இறக்கிவிட்டேன் என்றார்.

மூன்றாம் நாள் செங்கல் சூளைக்குக் கீழே, ஆற்றில், மாமா கிடைத்தார். படகில் ஏறும்போது கால் வழுக்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாக அழுதது பாபாதான்.

மாமாவின் சாமான்களைப் போலீஸ்காரர்கள் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. முட்கள் நின்றுபோயிருந்தன. கண்ணாடிக்கு உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டிக்கொண்டு, சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. மா அதை ஜன்னலில் வைத்திருந்தாள், வெயில் விழும் இடத்தில்.

மூன்று வாரத்தில் அந்தச் சொட்டு பச்சையாகிவிட்டது.

இன்று காலை ஜினுக் கொண்டை ஊசியால் கடிகாரத்தை நெம்பித் திறந்தாள். அதிலிருந்து எடுத்ததைத்தான் பாபா இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் நம்ம குளத்து ஆளுங்க பாபா. ஆத்துல இருக்கவே இருக்காது. மாமா வாட்ச்சுக்குள்ள எப்படிப் போச்சுங்க?”

பாபா மெல்ல நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றி லென்ஸின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினார். சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தார்.

“வெறும் அழுக்கும்மா. செத்தவங்க சாமானை நோண்டக் கூடாது. வாட்ச் எங்கே?”

ஜினுக் தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

“மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. என் நோட்டையும்.”

“மா பாத்தாளா இதை?”

“அவங்கதான் முதல்ல பாத்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் ஆத்துல இது நிஜமாவே இல்லையான்னு மூணு தடவை கேட்டாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னாங்க. பக்கத்து வீட்டுல விட்டுட்டு, நான் வர்ற வரைக்கும் இங்கேயே இருன்னாங்க. நான்தான் நிலாக்குட்டி காஞ்சுடுமேன்னு ஓடி வந்தேன். நீங்க இவ்வளவு சீக்கிரம் மார்க்கெட்டுல இருந்து வருவீங்கன்னு எனக்குத் தெரியாது.”

சொல்லி முடித்ததும் மாவிடம் திட்டு விழுமே என்று பயந்தாள். ஆனால் பாபா திட்டவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“நீ இங்கே வந்தது யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

பாபா போய் வாசற்கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தார்.

“வா. குளத்துல அது எங்கே இருக்குன்னு எனக்குக் காட்டு.”

ஜினுக்குக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாளாகக் கூப்பிட்டிருப்பாள், ஒரு நாள்கூட வராதவர். கடைசிப் படிக்கும் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் படியில்தான் நிறைய இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். பாபா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

பின்கதவைத் திறந்தார்.

படிக்கட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மா புடவை முழங்கால்வரை நனைய, ஜினுக் சொன்ன அதே படியில் நின்றிருந்தாள்.

மா பாபாவைப் பார்க்கவில்லை. மகள் கையை மட்டும் பார்த்தாள்.

“ஜினுக், இங்கே வா.”

பாபா விடவில்லை.

“அவளை விடு,” என்றாள் மா. அப்படி ஒரு குரலை ஜினுக் அதுவரை கேட்டதில்லை.

குந்தியிருந்த போலீஸ்காரர் எழுந்தார். பாபாவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அதற்குப் பிறகுதான் கை வலிப்பது ஜினுக்குக்குத் தெரிந்தது.